சத்து மாத்திரையும் அளவும்

நெற்பயிருக்கு யூரியா அவசியந்தான். எனினும் சிபாரிசு செய்த அளவுக்கு மேல் இட்டால் பயிர் மிதமிஞ்சித் தழைத்து, பூச்சிக்கு இரையாகி, காற்றில் சாய்ந்துவிடும் என்பதைக் குடியானவர் அனைவரும் அறிவர். உடலுக்கு வேண்டிய ஜீவசத்தாகிய வைட்டமினும் அத்தகையதே. 'சத்து மாத்திரைதானே, கூடினால் என்ன கெடுதி?' என்று எண்ணுவோர் பலர் உளராதலின், இது பற்றி நாம் சிறிது விளக்க விரும்புகிறோம்.

வைட்டமின்களுள் பி, சி ஆகியவை நீரில் கரைவன. அவற்றின் மிகுதி பெரும்பாலும் சிறுநீருடன் வெளியேறும். ஏ, டி ஆகியவை கொழுப்பில் கரைவன. அவை உடலிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டு போகும். ஆபத்து இங்குதான் உள்ளது.

வைட்டமின் டி குறைவாக உள்ளோருக்கு 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று வீதம், சில வாரங்களுக்கு மட்டும் உட்கொள்ளுமாறு மருத்துவர் எழுதித் தருவதுண்டு. வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது சுமார் 600 யூனிட். மருத்துவர் மேற்பார்வையின்றி 4,000 யூனிட்டைத் தாண்டலாகாது. வார மாத்திரையைத் தினமும் விழுங்குபவர் அவ்வரம்பைப் போல் 15 மடங்கு உட்கொள்கிறார். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி உண்பதும் தவறே.

இதனால் விளைவது யாது? குடல் சுண்ணாம்புச் சத்தை அளவுக்கு மேல் உறிஞ்ச, இரத்தத்தில் அது மிகுகிறது. பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியன தோன்றும். கவனியாவிடில் சிறுநீரகம் பழுதுபடும். மாத்திரையை நிறுத்திய பின்னரும் கெடுதி பல வாரங்கள் நீடிக்கலாம். வெயிலினால் தோலில் உண்டாகும் வைட்டமின் டி இவ்வாறு நஞ்சாவதில்லை; மிகுதியைத் தோலே சிதைத்துவிடுகிறது.

குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் 9 மாதம் நிறைந்ததும் 1 லட்சம் யூனிட்டும், பின்னர் 5 வயது வரை 6 மாதங்களுக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட்டும் கொடுக்கப்படுகிறது. கண்ணைக் காக்கும் இதனைத் தவறவிடலாகாது. ஆனால் அடுத்தடுத்து இருமுறை கொடுக்கவும் கூடாது. ஆகவே ஒவ்வொரு முறையும் தாய் சேய் நல அட்டையில் பதிவு செய்துகொள்க. கர்ப்பிணிகள் வைட்டமின் ஏ மாத்திரையைத் தாமாக உட்கொண்டால் கருவின் உறுப்புகள் ஊனப்படக்கூடும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கிராம சபைக் கூட்டத்திற்குக் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து இவற்றை விளக்கச் செய்தல் வேண்டும். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எப்பொழுது நிறுத்துவது என்னும் மூன்று கேள்விகளை, மாத்திரை வாங்கும் ஒவ்வொருவரும் கேட்கப் பழகிவிட்டால், நம் கிராமங்களில் மருந்தே நோயாகும் நிலை நேராது.