‘முடியும்’ என்னும் சொல்

இடத்திற்கேற்பச் சொல்லின் பொருள் மாறும் என்று வகுப்பறையில் நாம் நாள்தோறும் கற்பிக்கின்றோம். அம்மாற்றத்தால் ஒருவருடைய மாதாந்திர உதவித்தொகையே கைநழுவக்கூடும் என்பதற்குப் பிரித்தானியாவில் ஒரு சான்றைக் காண்கின்றோம்.

‘யுனிவர்சல் கிரெடிட்’ என்பது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்து, 2013இல் நடைமுறைக்கு வந்த அரசு உதவி. வருவாயையும் சேமிப்பையும் கணக்கிட்டே இதனை வழங்குவர். சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. 6,000ஐத் தாண்டினால் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு குறையும். பெற்றோருடன் வாழும் வயதுவந்த மகனுக்குத் தந்தையின் வருவாய் கணக்கில் சேராது என்பது நம்மவர்க்கு வியப்பளிக்கலாம்.

பணக்கணக்கு எளிது. உடல், மன நிலை காரணமாக வேலை செய்ய இயலாதவர்க்குரிய கூடுதல் தொகையைப் பெறுவதே கடினம். ஆட்டிசம் என்ற மருத்துவச் சான்று மட்டும் அதற்குப் போதாது. அந்நிலை அன்றாட வாழ்வை எவ்வாறு தடுக்கிறது என்பதையே படிவம் வினவுகிறது. தெரிந்த இடத்திற்குத் தனியே செல்ல முடியுமா? எதிர்பாரா மாற்றத்தைத் தாங்க முடியுமா? அறியாதவருடன் பழக முடியுமா?

ஆட்டிசம் உடையோர் பலர் வினாவைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொள்பவர்கள். ஒருமுறை கடைத்தெருவுக்குத் தனியே சென்றுவந்தவர் ‘முடியும்’ என்றே எழுதிவிடுகிறார். அது பொய்யன்று. திரும்பியபின் இரண்டு நாள் அறையைவிட்டு வெளிவர இயலாது கிடந்ததை அவர் எழுதுவதில்லை, யாரும் கேட்கவில்லையே! மதிப்பீட்டு நெறியிலோ ‘முடியும்’ என்பதற்குப் பொருள் வேறு: பாதுகாப்பாக, ஏற்கத்தக்க முறையில், தேவைப்படும்போதெல்லாம், உரிய நேரத்திற்குள் செய்ய இயலவேண்டும். இப்பொருளை அறியாது எழுதிய விடை, தகுதியுடையவரையே தகுதியற்றவராக்கிவிடும்.

நேர்காணலிலும் இதே இடர்ப்பாடுதான். பிறர்முன் இயல்பாகத் தோன்றவேண்டும் என்று இளமைமுதல் பழகிய ஒருவர், அரைமணி நேரம் முகம் பார்த்துத் தெளிவாகப் பேசிவிடுவார். அப்பழக்கமே அவருக்கு எதிராக நிற்கிறது. உண்மையில் இது கொடுமையே.

ஆகவே, நேர்காணலுக்குத் தாயையோ நண்பரையோ உடனழைத்துச் செல்லலாம். படிவத்தில் ‘முடியும், முடியாது’ என நிறுத்தாமல், நடந்த நிகழ்ச்சியையும் அதன் பின்விளைவையும் எழுதவேண்டும். தம் விவகாரங்களைத் தாமே கவனிக்க இயலாதவர் சார்பில் செயற்பட வேறொருவரை அரசுத்துறை ஏற்றுக்கொள்ளும். மறுக்கப்பட்டால், முடிவுக் கடிதத்தின் நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் மறுஆய்வு கோரலாம். அதிலும் தோற்றால், அரசுத்துறையைச் சாராத தீர்ப்பாயம் இருக்கிறது.