முதுகில் வீடு சுமக்கும் வண்டி

நத்தை தன் வீட்டைத் தானே சுமந்துகொண்டு ஊர்ந்து போகிறது. அமெரிக்காவிலே சில குடும்பங்களும் அப்படித்தான் ஊர் சுற்றுகின்றன. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்; வீட்டைச் சுமப்பது அவர்கள் அல்ல, அவர்களுடைய வண்டி!

பிக்-அப் என்று அங்கே சொல்லும் வண்டியை நேயர்கள் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். முன்பாதி கார், பின்பாதி சாமான் ஏற்றுவதற்கான திறந்த தொட்டி. அந்தத் தொட்டியில் ஒரு சின்னஞ்சிறு வீட்டை இறக்கி இறுகப் பூட்டிவிட்டால் அதற்குக் காம்ப்பர் என்று பெயர். படுக்கை, காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, தண்ணீர் டாங்கி, குளிர்ப்பெட்டி எல்லாம் அதற்குள்ளே அடக்கம். ஊர் திரும்பியதும் நாலு மூலையிலும் ஜாக்கி கொடுத்து வீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, வண்டியை மட்டும் அடியிலிருந்து ஓட்டிக்கொண்டு கடைக்குப் போய் வரலாம். ஹோட்டல் வாடகை மிச்சம். குழந்தைக்கு நினைத்த நேரத்தில் பால் காய்ச்சலாம். யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசை வந்தவர்களில் பலர் பழைய வண்டியைத்தான் தேடுகிறார்கள். புது வண்டியின் விலை அப்படி! அதிலும் நடுத்தர அளவு வண்டி என்றால் பெட்ரோல் குறைவு, குறுகிய மலைப்பாதையிலும் சௌகரியம். 1987 மாடலாக வந்த டாட்ஜ் டகோட்டா, 1995-ல் வந்த டொயோட்டா டகோமா, நிஸ்ஸான் ஃபிராண்டியர், 2004 மாடலாக வந்த ஷெவர்லே கொலராடோ என்று பெயர்கள் அடிபடுகின்றன. "இவற்றில் எது உசத்தி?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல. "எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்க வேண்டும்.

எழுத்தாளர் ஏற்றிய பாரம்

நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், 1960-ல், தமது 58-வது வயதில், சார்லி என்ற நாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தம் தேசத்தைச் சுற்றி வந்தார். அவர் போனது காம்ப்பர் வைத்த ஜி.எம்.ஸி. பிக்-அப் வண்டியில். டான் குயிக்ஸாட்டின் குதிரைக்கு உரிய 'ரோஸினாண்டே' என்ற பெயரை அதற்குச் சூட்டினார். 1962-ல் வெளிவந்த அவருடைய பிரயாண நூலைப் படித்தால், மனிதர் சாமான் கட்டிய அழகு தெரியும். இனிமேல்தான் படிக்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த புத்தகங்கள் மட்டும் 150 பவுண்டு, அதாவது 68 கிலோ! பலன்? ஓரிகன் மாகாணத்தில், மழை கொட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின் சக்கரத்து டயர் வெடித்துவிட்டது. இத்தனைக்கும் அவருடையது இன்றைய நடுத்தர வண்டிகளைவிடப் பாரம் தாங்கும் ரகம். அந்த வண்டியைக் கலிபோர்னியாவில் சலினாஸ் நகரத்தில் உள்ள ஸ்டைன்பெக் நிலையத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

கதவோரத்துச் சீட்டு

அமெரிக்காவில் விற்கும் பிக்-அப் வண்டியில் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 2005 செப்டம்பருக்குப் பிறகு தயாரான வண்டியானால், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் தெளிவாகவே போட்டிருக்கும். அதற்கு முந்தைய வண்டியில் பாரத்தோடு சேர்ந்த மொத்த எடையின் எல்லை மட்டும் இருக்கும். வெறும் வண்டியை நிறுத்துப் பார்த்து, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? சீட்டில் 545 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர வண்டிகளில் சாதாரணமாகக் காணும் அளவுதான் இது. காம்ப்பர் விளம்பரத்தில் 410 கிலோ என்று இருக்கிறது. "அடே! இன்னும் 135 கிலோ மிச்சம்!" என்று வீட்டுக்காரர் துள்ளுவார். அவர் துள்ளி முடிக்கட்டும். பென்சிலை வீட்டுக்காரி கையில் எடுக்கட்டும்.

கணவன், மனைவி இருவரும் 140 கிலோ. எட்டு வயதுக் குழந்தை 25. டாங்கியில் தண்ணீர் 75 லிட்டர், அது 75 கிலோ. காஸ் சிலிண்டரும் பாட்டரியும் 35. பாத்திரம், மளிகை, போர்வை, துணிமணி 60. காம்ப்பரையும் சேர்த்தால் மொத்தம் 745 கிலோ! எல்லைக்கு மேல் 200 கிலோ. இவ்வளவுக்கும் பெட்ரோலை நாம் சேர்க்கவில்லை. அது வண்டியின் சொந்த எடையிலேயே அடங்கியது.

இதே வண்டிக்கு, கூரையைத் தூக்கிக் கூடாரமாக விரிக்கும் இலேசான மேல்மூடியை, ஏறக்குறைய 180 கிலோவில் வாங்கினால்? தண்ணீரை 40 லிட்டராகக் குறைத்து, சின்ன அடுப்பு, பாட்டரிக்கு 30 கிலோ ஒதுக்கினால் மொத்தம் 475. எழுபது கிலோ கைவசம் நிற்கிறது. ஆகவே முதலில் எந்த வீடு என்று தீர்மானித்து, குடும்பத்தையும் சேர்த்து நிறுத்த பிறகே வண்டியைத் தேட வேண்டும்.

ஸ்பிரிங் போட்டால் தீருமா?

"பின்னால் இன்னும் இரண்டு ஸ்பிரிங் பட்டை போட்டால் சரியாய்ப் போகும்" என்று சொல்ல யாராவது ஒருவர் வருவார். வண்டியின் பின்புறம் நிமிரும்; பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் பிரேக்கும் அச்சும் அடிச்சட்டமும் பழையவைதானே? மலையிறக்கத்தில் வண்டியை நிறுத்த வேண்டியது பிரேக், ஸ்பிரிங் அல்ல. சீட்டில் உள்ள எண் பட்டறையில் மாறுவதில்லை.

தொட்டியின் நீளமும் முக்கியம். நாலு கதவு வண்டியில் குழந்தைக்குப் பின் ஸீட் உண்டு. ஆனால் தொட்டி பல சமயம் ஐந்தடிதான், சுமக்கும் சக்தியும் கொஞ்சம் குறையும். சிறிய பின் ஸீட் உள்ள வண்டியில் ஆறடித் தொட்டி கிடைக்கும். காம்ப்பரின் பாரம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் தள்ளி விழுந்தால் முன் சக்கரங்கள் இலேசாகிவிடும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

வயசான வண்டிக்கு நாடி பார்த்தல்

பெயிண்ட் பளபளப்பில் மயங்காமல் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். பனி பெய்யும் மாகாணங்களில் சாலையில் உப்பைத் தூவுவார்கள். அந்த உப்பு அடிச்சட்டத்தை அரித்துவிடும். 1995 முதல் 2000 வரையிலான டகோமா வண்டிகளில் இந்தத் துரு பெரிய விவகாரமாகி, 2008-ல் டொயோட்டா கம்பெனியே உத்தரவாதத்தை நீட்டித்து, மோசமானவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்ற சத்தத்துக்குப் பதில் 'பொத்' என்றால் பேரம் பேசாமல் நடையைக் கட்டலாம். அரிஸோனா போன்ற வறண்ட பிரதேசத்து வண்டிகளுக்குக் கிராக்கி இருப்பது இதனால்தான்.

2005 முதல் 2010 வரையிலான ஃபிராண்டியரில் வேறொரு வியாதி. ரேடியேட்டருக்குள் கசிவு ஏற்பட்டு, தண்ணீர் ஆட்டோமாடிக் கியர் எண்ணெயில் கலந்துவிடும். எண்ணெய் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் கியர் பெட்டிக்கு ஆபத்து. ரேடியேட்டரை மாற்றியாகிவிட்டதா என்று ரசீதைக் கேளுங்கள். டகோமாவின் பழைய 3.4 லிட்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட்டை 90,000 மைலுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதற்கும் ரசீது வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் தயாரான தேதி இருக்கும். '2319' என்று முடிந்தால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் என்று அர்த்தம். பள்ளங்கள் தேயாமல் புதிது போல் இருந்தாலும், வயசான டயரை நம்பிக் குடும்பத்தை ஏற்றக் கூடாது.

எல்லாம் முடிந்தபின் ஒரு காரியம் பாக்கி. லாரிகள் தங்கும் இடங்களில் எடைமேடை உண்டு. தண்ணீர் நிரப்பி, மளிகை அடுக்கி, எல்லோரும் ஏறி உட்கார்ந்து, முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியே நிறுத்துவிட வேண்டும். சில டாலர்தான் செலவு.

உங்கள் பெண்ணோ பிள்ளையோ அந்த ஊரில் இருந்து, "அம்மா, காம்ப்பர் வைக்கப் பழைய பிக்-அப் ஒன்று பார்த்திருக்கிறோம்" என்று டெலிபோனில் சொன்னால், என்ன கலர் என்று கேட்காதீர்கள். "கதவோரத்துச் சீட்டில் எத்தனை கிலோ போட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். மாப்பிள்ளை சற்றுத் திகைத்துப் போவார். அப்புறம் கட்டாயம் கதவைத் திறந்து பார்ப்பார்!