நாய் வளர்ப்போரும் நாலு பேர் நடக்கும் இடமும்

சென்னையில் வெயில் ஏறுவதற்கு முன்னுள்ள இரண்டு மணி நேரந்தான் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் உயிர் இருக்கும் நேரம். அவ்வேளையில் அங்கே கூடுபவர்களைப் பார்த்தால், சர்க்கரை வியாதிக்கு மருத்துவர் விதித்த நடையை நடந்து தீர்க்க வந்த முதியவரும், அடுக்குமாடி வீட்டின் நெருக்கத்திலிருந்து மண்ணில் கால் வைக்க வந்த குழந்தையும், இரவுக் காவல் முடித்து வீடு திரும்பும் முன் சிமெண்டுப் பலகையில் சற்றே சாய்ந்திருக்கும் காவலாளியும், துடைப்பமும் கூடையுமாக வேலையைத் தொடங்கும் தூய்மைப் பணியாளரும், தாம் அருமையாக வளர்க்கும் நாயை உலாவ அழைத்து வந்தவரும் என்று பல திறத்தவர் இருப்பர். இவர்கள் அனைவருக்கும் அவ்விடத்தில் சமமான பாத்தியதை உண்டு. நாய்க்கும் அங்கே இடம் வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்; ஓடியாடி, மோப்பம் பிடித்து, உலகத்தை மூக்கால் அறிந்து வாழும் பிராணியை நாள் முழுவதும் பால்கனிக் கம்பிக்குள் அடைத்து வைப்பது கொடுமை. ஆனால் ஒருவர் தம் நாயின் மீது கொண்ட பிரியத்தை மற்றவர்களுடைய அச்சத்தின் மீதும் அசௌகரியத்தின் மீதும் ஏற்றி நிறுத்தும்போது, பொது இடம் பொது இடமாக இல்லாமற் போகிறது.

கழுத்துப் பட்டையில் கயிறு இல்லாமல் ஓடிவரும் பெரிய நாயொன்றைக் கண்டு ஒரு முதியவள் பதறி ஒதுங்கும்போது, பின்னால் கைபேசியைப் பார்த்தபடி சாவதானமாக வரும் அதன் சொந்தக்காரர் சொல்லும் வாக்கியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: “பயப்படாதீங்கம்மா, அது ஒண்ணும் பண்ணாது.” அவர் பொய் சொல்லவில்லை. தம் வீட்டுக் கூடத்தில், தம் குழந்தைகளின் மடியில், அந்த நாய் எதுவும் செய்ததில்லை என்பதை அவர் அனுபவத்தால் அறிவார். அவர் அறியாதது, வீட்டிலே காணும் நாயின் சுபாவமும், இரைச்சலும் வாகனமும் அந்நிய நாய்களின் வாடையும் நிறைந்த வெளியிலே காணும் சுபாவமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான். திடீரென்று கூவிக்கொண்டு ஓடும் குழந்தையை நாயின் உள்ளுணர்வு, துரத்தவேண்டிய பொருளாகவே காட்டக்கூடும். மேலும், கடித்தால்தான் தீங்கு என்பதில்லை. விளையாட்டாகவே பாய்ந்த நாயினால் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவருக்கு, அது விளையாட்டுக்குத்தான் பாய்ந்தது என்ற செய்தி என்ன ஆறுதலைத் தரும்? சிறுவயதில் கடிபட்டு அந்த நடுக்கத்தை வாழ்நாள் முழுவதும் சுமப்பவர்களும், வெள்ளைக் கோலைத் தட்டித் தட்டி நடக்கும் பார்வையற்றவர்களும் தங்கள் அச்சத்துக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்களல்லர். அச்சம் கொள்ளாதே என்று கட்டளையிடும் உரிமை நாய்க்காரருக்குக் கிடையாது. அச்சத்துக்கு இடமில்லாதபடி நடந்துகொள்ளும் கடமை மட்டுமே உண்டு.

இக்கடமையை மறந்ததன் விலை என்ன என்பதை 2024-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி இந்நகரம் கண்டது. ஆயிரம் விளக்குப் பகுதியில் மாடல் பள்ளிச் சாலையிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், அங்கேயே தங்கிக் காவல் வேலை பார்த்த ஒருவரின் ஐந்து வயது மகளை, கட்டின்றி உள்ளே வந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. காப்பாற்ற ஓடிய தாயும் கடிபட்டாள். அந்தக் குழந்தை மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை பெற்றுப் பிழைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜாபர்கான்பேட்டையில் அண்டை வீட்டாரின் பிட்புல் நாய் கடித்து ஒரு மனிதர் உயிரையே இழந்தார். இவை இரண்டும் தெருநாய்கள் செய்தவையல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாய்த் தொல்லை என்றதும் நம் கோபம் முழுவதும் வாயற்ற, வீடற்ற தெருநாய்களின் மேல் பாய்கிறது. பெயரும் முகவரியும் உடைய எஜமானர் இருக்கும் நாய்களைப் பற்றிய பேச்சு, விபத்து நடந்த வாரத்தில் எழுந்து மறு வாரத்தில் அடங்கிவிடுகிறது.

சட்டம் இல்லாமலில்லை. தம் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராதபடி போதிய ஜாக்கிரதை எடுக்கத் தவறுவதைக் குற்றமாகக் கருதிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 291-ஆம் பிரிவாக நிற்கிறது. ஆறு மாதம் வரை சிறைவாசமோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சென்னையில் வீட்டு நாய்க்கு மாநகராட்சியின் உரிமம் பெறவேண்டும் என்பதும் புதிதன்று. ஆண்டுக்கு 50 ரூபாய் கட்டணமுள்ள அந்த உரிமத்தை, மேற்சொன்ன பூங்காச் சம்பவம் நடக்கும்வரை, நாய் வளர்ப்போரில் மிகப் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அதன் பிறகே விண்ணப்பங்கள் குவியத் தொடங்கின. 2025-இன் பிற்பகுதியில் நாயின் தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்துவதும் கட்டாயமாக்கப்பட்டு, உரிமம் பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்ற அறிவிப்பும் வந்தது. உரிமம் பெறவேண்டுமானால் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று காட்டவேண்டும். சில்லு இருந்தால், நாயைத் தெருவில் விட்டுவிட்டு இது என்னுடையதல்ல என்று எவரும் சொல்ல இயலாது. அவ்வளவு பிரயோஜனமுள்ள ஒரு காரியம் ஒரு குழந்தையின் இரத்தத்துக்காகக் காத்திருக்க நேர்ந்ததே என்பதுதான் என் வருத்தம்.

சில இனங்களை அறவே தடுத்துவிட்டால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களை மூர்க்கமானவை என்று பட்டியலிட்டு, அவற்றை விற்பதையும் வளர்ப்பதையும் தடுக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்துகொள்ளாமல் எடுத்த முடிவென்று அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தாடை வலிமையும் உடற்கட்டும் மிகுந்த நாய் தவறினால் விளையும் கேடும் மிகுதி என்பதை மறுக்கமுடியாது. ஆதலால் அத்தகைய நாய்க்கு வாய்க்கூடு போடாமல் வீட்டு வாசலைத் தாண்டலாகாது என்பது நியாயமான விதி. எனினும் நம் நாட்டு இராஜபாளையமும் கோம்பையுங்கூட, ஆள் பழக்கமில்லாமல் சங்கிலியிலேயே கட்டி வளர்க்கப்பட்டால் அபாயமானவையே. குட்டிப் பருவத்தில், பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரையில், பலவகை மனிதர்களையும் ஓசைகளையும் கண்டு பழகாத நாய் பின்னாளில் அந்நியரைக் கண்டு மிரளும். மிரண்ட நாய் தப்பிக்க வழி காணாதபோது கடிக்கும். இந்தப் பழக்கத்தை ஊட்டவேண்டியது வாங்கியவருடைய வேலை. அதற்குப் பொழுதில்லாதவர் நாய் வாங்காமலிருப்பதே அந்தப் பிராணிக்குச் செய்யும் உபகாரம்.

பொழுதில்லாமையின் இன்னொரு விளைவை நகரத்தின் வசதியான தெருக்களில் தினந்தோறும் காணலாம். நாயை உலாவ அழைத்து வருபவர் அதன் எஜமானராக இருப்பதில்லை. வீட்டு வேலைக்காரரோ, கார் ஓட்டுநரோ, அக்கம்பக்கத்துச் சிறுவனோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தன் எடைக்குச் சமமான நாயின் பின்னால் இழுபட்டுப் போகிறான். நாய் யார் மீதேனும் பாய்ந்தால் வசவு வாங்குவது அவன். கடி வாங்குவதும் பல வேளைகளில் அவனே.

அடுத்தது அசுத்தம். மாட்டுச் சாணம்போல நாய் மலமும் எருவாகி மண்ணோடு கலந்துவிடும் என்ற எண்ணம் படித்தவர்களிடையேயும் இருக்கிறது. புல் தின்னும் மாட்டின் கழிவும், இறைச்சி உண்ணும் நாயின் கழிவும் ஒரே வகையானவை அல்ல. நாயின் குடலில் வாழும் டாக்ஸோகாரா என்னும் உருண்டைப் புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி மண்ணில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் அவை சென்றால், புழுவின் இளம் பருவம் உறுப்புகளில் அலைந்து, கண்ணை எட்டினால் பார்வையையே கெடுக்கக்கூடும். கொக்கிப் புழுக்களில் சிலவகை, ஈர மணலில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, நெளிநெளியான தடங்களோடு தாங்கமுடியாத அரிப்பை உண்டாக்கும். பெசன்ட் நகர்க் கடற்கரையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் இன்பத்துக்கு இது எவ்வளவு பெரிய இடையூறு! இதில் ஒரு விஷயத்தை எல்லாரும் அறிந்துகொள்ள வேண்டும். டாக்ஸோகாராவின் முட்டை வெளியேறிய உடனே நோய் தருவதில்லை. அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் மண்ணில் கிடந்து முதிரவேண்டும். ஆகவே அப்போதைக்கப்போது ஒரு காகிதத்தாலோ பையாலோ எடுத்துக் குப்பைத் தொட்டியில் சேர்த்துவிட்டால், அபாயம் தொடங்கும் முன்னரே முடிந்துவிடுகிறது. மாதந்தவறாமல் புழு மருந்து கொடுத்தும் மலத்தை மட்டும் தெருவில் விட்டுப் போகிறவர்கள் பாதிக் காரியத்தைச் செய்தவர்களே.

யாரோ வந்து கூட்டுவார்கள் என்ற நினைப்புத்தான் இதற்கெல்லாம் வேர். அந்த யாரோ ஒருவர், பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக நம் அழுக்கை அள்ளும்படி விதிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒரு பெண். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் இழிவை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கும் நாட்டில், தாம் செல்லமாய் வளர்க்கும் நாயின் கழிவைத் தாம் எடுக்கக் கூசுபவர், அதை மற்றொருத்தி எடுப்பதில் கூச்சம் காணாததை என்னால் எளிதாக மன்னிக்க இயலவில்லை.

இது மாற்றமுடியாத பழக்கமா என்று கேட்பவர்களுக்கு நியூயார்க் நகரத்தின் சரித்திரம் நல்ல விடை தரும். நாயைச் சாலையின் ஓரத்துக்கு இட்டுச் செல்லுங்கள் என்ற அறிவிப்புப் பலகைகளோடு பல்லாண்டுகள் திருப்தியடைந்திருந்த அந்நகரத்தின் நடைபாதைகள், எழுபதுகளில் கால் வைக்கக் கூசும்படி ஆயின. குழந்தைகளுக்குப் புழு நோய் வருமென்று எச்சரித்துப் பிரான் லீ என்ற பெண்மணி கூட்டங்களிலும் தொலைக்காட்சியிலும் போராடினார். நகர மன்றத்தில் காரியம் ஆகாமற் போகவே, மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தம் நாயின் கழிவைத் தாமே அகற்றவேண்டும், தவறினால் 100 டாலர் வரை அபராதம் என்ற அச்சட்டம் 1978 ஆகஸ்டு 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பு பலமாக இருந்தது. அங்குள்ள பிராணிவதைத் தடுப்புச் சங்கமே இது நாய் வளர்ப்போருக்குப் பெருஞ்சுமை என்று ஆட்சேபித்தது. ஆயினும் எதிர்பார்த்ததற்கு மாறாகச் சட்டம் வேரூன்றியது. அதற்குக் காரணம் அபராதம் மட்டுமல்ல. மூலைக்கொரு காவலரை நிறுத்துவது எந்த நகரத்தாலும் ஆகாத காரியம். சட்டம் வந்தபின், ‘ஐயா, எடுத்துவிட்டுப் போங்கள்’ என்று சொல்லச் சாதாரண வழிப்போக்கனுக்கு வாய் வந்தது. அண்டை வீட்டார் கண்ணுக்கு முன் வெறுங்கையோடு நகர நாய்க்காரருக்கு வெட்கம் வந்தது. இந்த இரண்டுமே அந்நகரத்தைத் துப்புரவாக்கின. பாரிஸ் நகரமோ வேறு வழியில் போயிற்று. எண்பதுகளின் தொடக்கத்தில், நாய்க் கழிவை உறிஞ்சி எடுக்கும் எந்திரம் பூட்டிய மோட்டார் சைக்கிள்களை நகரசபைச் செலவில் ஓட்டியது. செலவு மிகுந்து, அசுத்தம் குறையாமல், 2004-இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, பொறுப்பு வளர்ப்பவர் கைக்கே திரும்பி வந்தது.

நாய் வளர்ப்போரின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடலாகாது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் சில, நாய் வளர்க்கவே கூடாது, மின்தூக்கியில் ஏற்றவே கூடாது என்று தீர்மானம் போடுகின்றன. அவ்வாறு தடைசெய்யச் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று இந்தியப் பிராணிகள் நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. தனித்து வாழும் முதியவருக்கு ஒரு நாய் தரும் துணையை எந்தத் தீர்மானத்தாலும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் இத்தகைய தீர்மானங்கள் எங்கே பிறக்கின்றன என்று விசாரித்தால், கட்டுப்பாடில்லாத இரண்டொருவருடைய அலட்சியத்தில்தான் என்பது புலப்படும். பத்து நாய்களில் ஒன்பது ஒழுங்காக வளர்ந்தாலும், மாடிப்படியில் அசுத்தம் செய்த பத்தாவது நாயை வைத்தே எல்லா நாய்களுக்கும் தீர்ப்பு எழுதப்படுகிறது. வீட்டில் தொல்லையென்று அலுத்துப்போய், நோய் கண்டபோதோ வீடு மாறும்போதோ நாயைத் தெருவில் விட்டுவிடுபவர்களும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. அது 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான். இத்தொகையைத் திருத்தாமல் இத்தனை ஆண்டுகள் விட்டு வைத்திருப்பது நம் சட்டமன்றங்களுக்குப் பெருமையல்ல.

கடி நேர்ந்துவிட்டால் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ வைக்கலாகாது. வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கி, குறித்த நாட்களில் தவறாமல் முடிக்கவேண்டும். வெறிநோய் முற்றி அறிகுறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. கடித்த நாயின் சொந்தக்காரர் அவ்விடத்தைவிட்டு நழுவாமல், தம் பெயரையும் முகவரியையும் நாயின் தடுப்பூசிச் சான்றையும் கடிபட்டவரிடம் கொடுத்து, கூடவே மருத்துவமனைக்கும் போவது மனிதத்தன்மையின் குறைந்தபட்ச அளவு.

நாய் வளர்க்கும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாளைக் காலையில் புறப்படும்போது கயிற்றை உங்கள் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் இரண்டு காகிதப் பைகளை வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒரு குழந்தையோ முதியவரோ வந்தால் கயிற்றைக் குறுக்கிக்கொண்டு நீங்களே வழிவிட்டு ஒதுங்குங்கள். இவ்வளவும் செய்யாத ஒருவரை வழியில் கண்டால், நாயில்லாதவர்கள் வந்து கேட்கும்வரை காத்திராமல், நீங்களே அவரிடம் போய்ப் பேசுங்கள். உங்கள் வார்த்தைக்குத்தான் அவர் செவி கொடுப்பார்.