காவல் மென்பொருளும் நின்றுபோன கணிப்பொறியும்

சங்கத்துக் கணிப்பொறி நின்றுவிட்டால் நிற்பது அந்த யந்திரம் மட்டுமன்று. நெசவாளிக்கு நூல் வழங்குவதும், நெய்து கொணர்ந்த துணிக்குக் கூலி கணக்கிடுவதும், வாழைக்கும் தென்னைக்கும் வேண்டிய உரத்தைப் பற்றெழுதுவதும், நகைக் கடன் சீட்டு அச்சாவதும் அத்துடன் நின்றுபோகின்றன. நெய்யூர், இரணியல், திங்கள்சந்தை வட்டாரத்தில் வேலையை விட்டுவிட்டுச் சங்கத்துக்கு வரும் அங்கத்தினருக்கு ஒரு நாள் வீணாவது ஒரு நாள் கூலி வீணாவதாகும். அதிலும், யந்திரத்தைக் காப்பதற்கென்று விலைகொடுத்து வாங்கி ஏற்றிய மென்பொருளே அதை நிறுத்திவிட்டதென்றால், வேலியே பயிரை மேய்ந்த கதையாகத் தோன்றுவது இயல்புதான். “இந்தக் காவலும் வேண்டாம், இந்தச் செலவும் வேண்டாம்” என்று நிர்வாகக் கமிட்டியில் பேச்செழுவதும் உண்டு. அப்பேச்சு எவ்வளவு தூரம் சரி என்பதை இங்கே ஆராய்வோம்.

இவ்வகைச் சம்பவங்களுள் மிகப் பெரியது 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமையன்று நிகழ்ந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருள் கம்பெனி, நமது நேரப்படி காலை 9 மணி 39 நிமிஷத்துக்கு, தன் வாடிக்கைக்காரர்களின் விண்டோஸ் கணிப்பொறிகளுக்குச் சிறியதொரு புதுப்பிப்பை அனுப்பியது. அதைப் பெற்ற யந்திரங்கள் நீலத் திரையைக் காட்டி நின்றன, மீண்டும் தொடங்கின, மீண்டும் நின்றன. 78 நிமிஷங்களில் கம்பெனியார் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். ஆயினும் அதற்குள் சுமார் 85 லட்சம் யந்திரங்கள் பாதிக்கப்பட்டிருந்தன என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் யந்திரங்களில் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. நம் நாட்டில் இண்டிகோ விமான கம்பெனி சுமார் 200 விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது என்று செய்திகள் வந்தன. பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுக்கள் வழங்கப்பட்டன!

இவ்வளவுக்கும் காரணம் யாதெனில், அந்த மென்பொருளின் ஒரு பகுதி 20 விவரங்களை எதிர்பார்த்திருக்க, மற்றொரு பகுதி 21-ஆவதையும் தேடியது. இருபது பல் மட்டுமே உள்ள அச்சில் இருபத்தோராவது இழையைக் கோக்க முயன்றதுபோல் என்று நெசவாளர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இல்லாத இடத்தில் கையை விட்டதும் யந்திரம் நின்றுவிட்டது.

சாதாரண மென்பொருள் ஒன்று தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். மற்ற வேலைகள் நடக்கும். காவல் மென்பொருள் அப்படியன்று. திருட்டு நிரல்கள் யந்திரத்தின் உள்ளறைவரை புகுந்து ஒளிந்துகொள்ள முயல்வதால், அவற்றைப் பிடிக்க வேண்டிய காவலாளியும் கெர்னல் எனப்படும் அந்த உள்ளறையிலேயே அமர்கின்றான். யந்திரம் தொடங்கும்போதே எழுந்துவிடுகின்றான். அங்கே ஒரு பிழை நேருமாயின், சேமித்த கணக்குகள் குலைந்துபோகாதிருக்க விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நீலத் திரை என்பது இதுவே. மறுபடி தொடங்கினாலும் அதே காவலாளி முதலில் எழுவதால் அதே பிழை நேர்கிறது.

ஆகவேதான் அன்று பழுதை நீக்குவதற்குப் பெரும்பாலும் ஒவ்வொரு யந்திரத்தின் முன்னும் ஓர் ஆள் சென்று உட்கார வேண்டியிருந்தது. சேஃப் மோடு என்னும் குறைந்தபட்ச நிலையில் யந்திரத்தைத் தொடங்கி, குற்றமுள்ள ஒரே ஒரு கோப்பை நீக்கினால் போதும். ஆனால் பிட்லாக்கர் என்னும் பூட்டிடப்பட்ட யந்திரங்களில் 48 இலக்கங்கொண்ட மீட்புச் சாவி எண்ணையும் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று. அந்தச் சாவி எண்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த கணிப்பொறியும் நின்றுபோன இடங்களில் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-இல் மக்காஃபி கம்பெனியின் புதுப்பிப்பொன்று விண்டோஸின் சொந்த உறுப்பு ஒன்றையே கிருமியென்று கருதித் தள்ளிவைத்ததால் எத்தனையோ அலுவலகங்கள் ஸ்தம்பித்தன. அப்போது அந்தக் கம்பெனியில் தொழில்நுட்பத் தலைவராயிருந்தவரே பின்னர் கிரவுட்ஸ்டிரைக்கை நிறுவியவர்களுள் ஒருவராகி அதன் தலைவராக விளங்கினார் என்பது ஒரு விநோதம்.

நமது சங்கங்களில் நேர்வது பெரும்பாலும் இவற்றின் சிறு பதிப்பே. யந்திரத்தில் முன்பே ஒரு காவல் மென்பொருள் இருக்கும். இன்னொன்றும் இருந்தால் பத்திரமென்று எண்ணி இரண்டாவதையும் ஏற்றுவார்கள். திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் ஒருவர்பின் ஒருவர் சோதிப்பதால் யந்திரம் நகர மறுக்கிறது. சிலபோது முற்றிலும் நின்றுவிடுகிறது. ஒன்றே போதும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டிஃபெண்டர் என்னும் காவல் உடன்வருகிறது; வேறொன்றை முறைப்படி ஏற்றினால் அது பொதுவாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும்.

யந்திரம் மெதுவாக மட்டும் ஓடினால் அவசரப்பட வேண்டாம். ஏற்றியவுடன் நடக்கும் முதற் சோதனை பழைய யந்திரங்களில் சில மணி நேரம் பிடிக்கலாம். இடையில் மின்சாரத்தை நிறுத்துவதே கேடு. யந்திரம் நன்றாக ஓடியும் கணக்கு மென்பொருள் மட்டும் திறவாதிருந்தால், காவலாளி அதன் கோப்பு ஒன்றைத் திருடனென்று பிடித்து ‘குவாரன்டைன்’ அறையில் வைத்திருக்கக் கூடும். கணக்கு மென்பொருளை அளித்தவரிடம் விசாரித்து உறுதிசெய்த பின்னரே அதை விடுவிக்க வேண்டும்.

தொடங்கவே மறுக்கும் யந்திரத்துக்கு வழி சேஃப் மோடுதான். முற்காலத்தில் எஃப்8 விசையை அழுத்துவது போதுமாயிருந்தது. இப்போதைய விண்டோஸில் பொதுவாக அது பயன்படாது. சிலமுறை தொடங்கித் தோற்றபின் யந்திரமே பழுதுநீக்கும் திரையைக் காட்டும். அதில் ‘டிரபிள்ஷூட்’, பிறகு மேல்நிலை விருப்பங்கள், பிறகு தொடக்க அமைப்பு என்று சென்று, மறுதொடக்கத்துக்குப்பின் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு திறக்கும். அங்கிருந்து புதிதாக ஏற்றியதை நீக்கலாம். அந்நிலையில் நீங்க மறுக்கும் மென்பொருளும் உண்டு. அதற்குச் செய்தவர்களே தரும் நீக்கு கருவியை நாட வேண்டும். அல்லது ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ மூலம் முந்தைய நாளின் நிலைக்குத் திரும்பலாம். வட்டை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லும் பழுதுபார்ப்பவரிடம், கணக்குகளின் நகலை எடுத்தாயிற்றா என்று காரியதரிசி கேட்பாராக.

தொலைபேசியில் தாமாகவே அழைத்துச் சரிசெய்து தருவதாகக் கூறுவோர் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2024 ஜூலைச் சம்பவத்தின்போதே போலிப் பழுதுநீக்கிகள் பரவின. நம் நாட்டின் செர்ட்-இன் அமைப்பும் அதுபற்றி எச்சரித்தது.

இனி, காவலே வேண்டாமென்னும் பேச்சுக்கு வருவோம். 2018 ஆகஸ்டில் புனேயைச் சேர்ந்த காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணிப்பொறிகளில் புகுந்த கள்வர், சுமார் 94 கோடி ரூபாயைக் கவர்ந்தனர். 28 நாடுகளின் பணம் வழங்கும் யந்திரங்களிலிருந்து அதன் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. 2024 ஜூலை 31-இல், சிறு வங்கிகளுக்குக் கணிப்பொறிச் சேவை தரும் சி-எட்ஜ் கம்பெனி கப்பம் கேட்கும் நிரலால் தாக்கப்பட்டபோது, கூட்டுறவு வங்கிகள் உள்ளிட்ட சுமார் 300 வங்கிகளின் பணப்பட்டுவாடா தடைப்பட்டது. காவல் செய்த தவறால் நின்ற யந்திரத்தில் கணக்குகள் அப்படியே இருந்தன. கள்வர் எடுத்துச்சென்ற பணமோ திரும்பி வருவது அரிது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. 63,000 தொடக்க வேளாண்மைச் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க 2022 ஜூனில் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை அங்கீகரித்த பின், கள்வரின் கண் கிராமச் சங்கங்கள் மீதும் விழாதென்று யார் சொல்ல முடியும்?

ஆகவே காவல் இருக்கட்டும். அது நம்மை நிறுத்தாதபடி பார்த்துக்கொள்வோம். மூன்று யந்திரங்கள் உள்ள சங்கத்தில் புதிய மென்பொருளை முதலில் ஒன்றில் மட்டும் ஏற்றி, இரண்டொரு நாள் வேலை செய்து பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம். கூலிப் பட்டுவாடா நாளிலும், பயிர்க் கடன் தவணை நெருங்கும் வாரத்திலும் எதையும் புதிதாக ஏற்றலாகாது. கணக்குகளின் நகல் ஒன்று யந்திரத்தோடு இணையாத வட்டில் இருக்க வேண்டும். அன்றன்றைய இருப்பைக் காகிதத்திலும் அச்சிட்டு வைப்பது நலம். 2017 நவம்பர் 30-இல் ஓகிப் புயல் வீசியபின் நம் மாவட்டத்தில் மின்சாரமின்றி நாட்கள் கழிந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

பிட்லாக்கர் பூட்டுள்ள யந்திரமெனில் அந்த 48 இலக்க எண்ணைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, நகைப் பெட்டகத்திலேயே வைக்கலாம். அந்த உறை எங்கே இருக்கிறது, கணக்கின் நகல் கடைசியாக எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் கேட்பதற்கு முழு உரிமை உண்டு.