ஒரே காம்பராவில் நாயும் கோழியும் நாமும்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. வீட்டையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டு உறவினரின் லயத்துக்கு வந்த குடும்பங்கள், சட்டி பானையோடு நாலு கோழியையும் ஓர் ஆட்டையும் பிடித்துக்கொண்டு வந்தன. நாய் தானாகப் பின்னால் வந்தது. லிந்துலைப் பக்கம் நாம் போகும் லயங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இதுதான்: "காம்பரா நாறுது, பிள்ளைக்கு உடம்பெல்லாம் கடி. நாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுடலாமா?"

அவசரப்பட வேண்டாம் என்போம். இழந்ததற்குப் பிறகு மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தில் அந்த ஆடும் கோழியும் ஒரு பங்கு. அழுக்குக்குக் காரணம் பிராணி மட்டுமல்ல, அதற்கென்று ஓர் இடம் இல்லாததும்தான். 10 அடிக்கு 12 அடி காம்பராவில் இரண்டு குடும்பம் படுக்கும்போது, நாய் அடுப்படியிலும் கோழி கட்டிலுக்கடியிலும் ஒதுங்கத்தான் செய்யும்.

முதலில் தெள்ளைப் பார்ப்போம். நாயின் மேல் நாம் காணும் தெள்ளு மொத்தத்தில் சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூடும் நாய் படுக்கும் சாக்கிலும், தரை வெடிப்பிலும், கட்டிலடித் தூசியிலும் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டை வரை இடும். கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடக்கும் அதிர்வும் உடற்சூடும் பட்டதும் வெளியே குதிக்கும். பூட்டிக்கிடந்த காம்பராவுக்குக் குடிபோனவர்கள் முதல் நாளே கடி வாங்குவது இதனால்தான். பாவம், பழி வந்து சேர்ந்த நாயின் மேல் விழுகிறது.

ஆகவே நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. இஸ்தோப்பில் ஒரு மூலையை அதற்கு ஒதுக்கி, ஒரே ஒரு சாக்கைப் போடுங்கள். வாரம் ஒரு தடவை அந்தச் சாக்கைக் கொதிநீரில் அமுக்கிக் காயவையுங்கள். லிந்துலை மழையில் சாக்கு எங்கே காயும் என்று கேட்பீர்கள். இரண்டு சாக்கு வைத்து மாற்றுங்கள், ஈரமானதை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். கட்டிலை நகர்த்தி மூலை முடுக்கெல்லாம் கூட்டி, கூட்டிய தூசியை அடுப்பில் போடுங்கள். இரண்டு மூன்று கிழமை விடாமல் செய்தால்தான் கூட்டில் இருந்தவையும் தீரும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் அடிக்கும் மருந்தைத் தெள்ளுக்கென்று நாயின் மேலோ படுக்கையிலோ தெளிக்காதீர்கள். நாய் தன் மயிரை நக்கும், பிள்ளை நாயைக் கட்டிப்பிடிக்கும். நாய்க்கென்று விற்கும் மருந்திலும் பெர்மெத்ரின் கலந்ததைப் பூனைக்குப் பூசினால் பூனை செத்துப்போகும். மிருக வைத்தியரைக் கேட்டே வாங்குங்கள்.

அடுத்தது எச்சம். நாய், பூனையின் மலத்தில் விழும் வட்டப்புழு முட்டை உடனே தொற்றாது. மண்ணில் கிடந்து சில கிழமைக்குப் பின்தான் தொற்றும் நிலைக்கு வரும். கொக்கிப்புழுவுக்கு ஒரு கிழமையளவே போதும், அது வெறுங்காலின் தோல் வழியாகவே நுழையும். அன்றன்றே அள்ளிப் புதைப்பதன் அருமை இதுதான். பீலிக்கு மேட்டுப்புறம் புதைக்க வேண்டாம், மழை அதைத் தண்ணீருக்குள் கொண்டுவரும். நாய், பூனையின் மலத்தை மரக்கறிப் பாத்திக்குப் போடவும் வேண்டாம். பூனையின் மலத்தைக் கர்ப்பிணிகள் அள்ளக்கூடாது. அதிலுள்ள ஒரு கிருமி வயிற்றுப் பிள்ளையைத் தாக்கக்கூடும்.

ஆடும் கோழியும் நிற்கும் இடத்தில் சாம்பலைக் கொட்டுவது நம் பழக்கம். ஈர எச்சத்தில் சாம்பலோ சுண்ணாம்போ விழுந்தால் மூக்கை எரிக்கும் அமோனியா வாயு கூடுதலாகக் கிளம்பும். அதற்குப் பதிலாகக் காய்ந்த மரத்தூளோ காய்ந்த புல்லோ போட்டு, நனைந்ததும் அள்ளிவிடுங்கள். கோழியை இரவில் காம்பராவுக்குள் கூடையால் கவிழ்ப்பதைவிட, கோடிப்புறத்தில் தரையிலிருந்து 2 அடி உயர்த்திப் பலகைக் கூடு அடிப்பது நல்லது. தோட்ட நிர்வாகத்திடமும் பக்கத்துக் காம்பராக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடியுங்கள். இடம் தந்தவர்களோடு முறுகல் வந்தால் நாற்றத்தைவிட அதுவே பெரிய தொல்லை.

தரையைக் கழுவும்போது முதலில் எச்சத்தை அள்ளி, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, நன்றாக அலசிய பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் அதன் சக்தி வீணாகும், மூத்திரத்தோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் புகையும் வரும். கதவைத் திறந்து வையுங்கள். கான் அடைபட்டிருந்தால் அதையும் தள்ளிவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் எலியின் மூத்திரம் மட்டுமல்ல, நாய், மாட்டின் மூத்திரம் கலந்தாலும் எலிக்காய்ச்சல் பரவும்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ எண்ணெயோ வைத்துக் கட்டாதீர்கள். நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர் நோயின் அறிகுறி தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது அரிது. நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி வேண்டும். பழைய அட்டை மண்ணோடு போயிருந்தால், போட்டதாக நினைவிருக்கிறது என்று நிற்காமல் மறுபடி போட்டுவிடுங்கள். ஊசி போடும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.