கடைசிப் பத்து மீட்டர்

கயாக் என்பது துடுப்பால் செலுத்தப்படும் ஒடுக்கமான சிறு படகு. காற்றுக் கலத்தை அதில் ஏற்றிச் சென்று, கரையோரக் கடலில் ஸ்கூபா முறையில் மூழ்குவது இன்று பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. "ஆழம் பத்து மீட்டர்தானே, ஆபத்து என்ன?" என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. இயற்பியல் வேறு விதமாகச் சொல்கிறது.

கடல் மட்டத்தில் நம்மீதுள்ள அழுத்தம் 1 வளிமண்டலம். கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மேலும் 1 வளிமண்டலம் கூடுகிறது. பிரான்சில் 1943இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் உருவாக்கிய கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தந்தது. இன்றைய கருவிகளும் அவ்வாறே. ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் நிறைவது 2 வளிமண்டல அழுத்தமுள்ள காற்று.

அக்காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் என்ன ஆகும்? பாயில் விதிப்படி, அழுத்தம் பாதியானால் பருமன் இருமடங்காகும். 5 லிட்டர் காற்று 10 லிட்டராக விரிய முயலும். நுரையீரலின் நுண்ணறைகள் கிழிந்து, காற்று இரத்தத்தில் கலந்துவிடக்கூடும். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறும்போதோ அழுத்தம் 4இலிருந்து 3 ஆகிறது. பருமன் மூன்றில் ஒரு பங்கே கூடுகிறது. மேற்பரப்பை நெருங்க நெருங்கத்தான் கவனம் மிகுதியாக வேண்டும்.

ஆகவே மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் விரையாமல், சீராக மூச்சு விட்டபடியே ஏற வேண்டும். கயாக்கில் காவலுக்கு ஆள் இராது. நீரோட்டம் அதை இழுத்துச் சென்றால், பதறி விரைந்து மேலேறத் தோன்றும். எனவே நங்கூரமிட்டு, அதன் கயிற்றை ஒட்டியே இறங்கி ஏறுவது நன்று. முறையான பயிற்சியும் உடன் ஒரு துணையும் இன்றி நீரில் இறங்கவே கூடாது.