விரால் செல்லில் சிக்கிய வைரஸ்

சில வாரங்களே ஆன கொடுவா மீன் குஞ்சுகள் தொட்டியில் திடீரென்று வட்டமடிக்கத் தொடங்கினால் பொரிப்பகக்காரருக்கு அடிவயிறு கலங்கிவிடும். உடம்பு கறுக்கும், இரை எடுக்காது, சுழன்று சுழன்று அடியில் போய்க் கிடக்கும். தொட்டியே காலியாகிவிடுவதும் உண்டு. நரம்பைத் தாக்கும் நோடா வைரஸின் வேலை இது. செத்த குஞ்சின் மூளையையும் விழித்திரையையும் மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் திசு முழுக்க ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் (சிபா) 1997-இல் கொடுவாவைச் செயற்கையாக முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தது. 2005-இல், பொரிப்பகக் குஞ்சுகளை நோடா வைரஸ் கொல்கிறது என்ற முதல் இந்திய ஆய்வறிக்கை வெளியானது.

நோய்க்குக் காரணமான கிருமியை உறுதிசெய்ய அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். பாக்டீரியா என்றால் ஊட்டக்கூழில் வளர்த்துப் பார்க்கலாம். வைரஸுக்கு உயிருள்ள செல் வேண்டும், அதுவும் அதற்கு இசைந்த செல். 1962-இல் அமெரிக்காவில் வுல்ஃபும் குவிம்பியும் வானவில் டிரவுட் மீனின் இனப்பெருக்க உறுப்பிலிருந்து முதல் நிலையான மீன் செல்வரிசையை, அதாவது குடுவையில் தொடர்ந்து பெருகும் செல்களை, உருவாக்கினார்கள். ஆனால் அது குளிர்நீர் மீன்.

வெப்பநாட்டு மீன்களுக்கு வழி திறந்தது நம் குளத்து விராலின் இனம். விரால் குஞ்சுகளின் திசுவிலிருந்து 1991-இல் வெளியான எஸ்எஸ்என்-1 என்ற செல்வரிசையில்தான், 1996-இல், ஐரோப்பியக் கடல் மீனைக் கொன்ற நோடா வைரஸ் முதன்முறையாக வளர்ந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த இ-11 என்ற கிளைவரிசை, 2014-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் அறிவித்த திலாப்பியா ஏரி வைரஸையும் வளர்த்துக் காட்டியது. மைசூருப் பக்கக் காவிரியிலும் மேட்டூரிலும் வலையில் விழும் ஜிலேபி (திலாப்பியா) மீனின் குடும்பத்தைத் தாக்கும் வைரஸ் அது. 2018-இல் இந்தியாவிலும் பதிவானது. ஆனாலும் எஸ்எஸ்என்-1 செல்லுக்குள் ஏற்கெனவே வேறொரு வைரஸ் நிரந்தரமாகக் குடியிருந்தது. சோதனைக்கு அது நல்லதில்லை. கொடுவாவின் நோயைக் கொடுவாவின் செல்லிலேயே பார்க்க முடிந்தால் தேவலை.

அதைச் செய்தது தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன மேல்விஷாரத்தின் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி. அங்கே பேராசிரியர் சாகுல் ஹமீதின் குழு, 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொடுவாவின் சிறுநீரகம், மண்ணீரல், கரு ஆகியவற்றிலிருந்து செல்வரிசைகளை உருவாக்கியது. பிறகு ஜிலேபி மீனின் செல்லில் திலாப்பியா ஏரி வைரஸையும் வளர்த்தது. பெரிய ஆய்வு நிறுவனங்களின் வரிசையில் ஒரு சிறு நகரக் கல்லூரி நிற்பது பெருமைக்குரிய விஷயம். நன்னீர் இறாலின் வெண்வால் நோய்க்கு உலக விலங்கு சுகாதார அமைப்பின் மேற்கோள் ஆய்வகமும் அங்கேதான் அமைந்தது.

வேலை பொறுமையைச் சோதிக்கும். திசுவைத் துண்டு துண்டாக நறுக்கி, கிருமிநீக்கி, ஊட்டத் திரவமும் கன்றுக்கருச் சீரமும் ஊற்றி, 28 டிகிரியில் வைக்க வேண்டும். செல்கள் மெல்ல ஊர்ந்து வெளிவந்து குடுவையின் அடியில் ஒற்றைப் படலமாகப் படியும். நிறைந்ததும் பிரித்து அடுத்த குடுவைக்கு மாற்ற வேண்டும். பல மாதம் இப்படி மாற்றி மாற்றிப் பிழைத்து நிற்பதே செல்வரிசை. நோயுற்ற மீனின் திசுவை அரைத்து வடிகட்டிய நீரை அதன்மேல் விட்டால், வைரஸ் இருக்கும் பட்சத்தில் செல்கள் உருண்டு, குமிழ் குமிழாகி, படலத்தில் இடைவெளி விழும்.

ஆனால் குடுவைச் செல்லுக்கு மீனின் முழு எதிர்ப்புச் சக்தி இல்லை. அதனால் அங்கே வளர்ந்த வைரஸை ஆரோக்கியமான மீனுக்குச் செலுத்தி, அதே நோய் வருகிறதா, இறந்த மீனிலிருந்து அதே வைரஸ் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். செல்வரிசை இருப்பதால் இந்தச் சோதனையில் சாகும் மீன்களின் எண்ணிக்கை குறைகிறது.

சிபா இன்று கொடுவாவின் நோடா வைரஸுக்குத் தடுப்பூசியும் உருவாக்கியிருக்கிறது. ஆனாலும் பண்ணையில் மீன் மிதந்தால் பலரும் முதலில் கொட்டுவது ஆன்டிபயாடிக் மருந்தைத்தான். வைரஸை அது தொடாது, காசுதான் கரையும். அதற்குப் பதில் செத்து அழுகிய மீனை விட்டுவிட்டு, சாகும் தறுவாயில் இருக்கும் சிலவற்றைப் பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்பலாம். திசுவைச் சீவிப் பார்க்கத் தனியாகச் சிலவற்றை ஃபார்மலினில் போடலாம். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் மட்டும் வைரஸை வளர்த்துப் பார்க்க வழியிருக்காது.